வெள்ளகோவில் மணலின் வயது

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆதிமனிதர்களின் கல்லாயுதங்கள் கிடைத்தன. அவற்றின் காலத்தைக் கண்டறிய, அவை புதைந்திருந்த மணலை வெளிச்சம் படாமல் குழாயில் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மணல் கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடலாம். தோட்டத்தின் சொந்தக்காரர் சரோஜாம்மா, வீட்டில் தெலுங்கு பேசுபவர்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர், அவரைக் காட்டி, “இவங்க வந்தேறிங்க. நாங்கதான் பூர்வீகம். உங்க டெஸ்ட்ல அதை எழுதிப்போடுங்க” என்றார்.

“உங்க முன்னோரும் என் முன்னோரும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்கதாங்க” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நன்றாகப் பதிலடி கொடுத்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

மறுவாரம் போனபோது சரோஜாம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“பக்கத்துத் தோட்டத்துக்காரரு எங்க தோட்டத்துக்குப் போற தடத்துல முள்ளை வெட்டிப்போட்டு அடைச்சுட்டாருங்க. நீங்க சொன்னது நெசமாவே இருக்கட்டும் கண்ணு. நீங்க போயிருவீங்க. நாங்க இங்கதானுங்களே இருக்கோணும்.”

மணலின் வயது இப்போது எனக்குத் தெரியும். அதை அந்த ஊரில் போய்ச் சொல்லத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.