தீவு விளக்கில் ஒரு மேலகரத்துக்காரன்

கலங்கரை விளக்கத்து வேலை என்பது, கப்பல்காரன் பயப்படாமல் போவதற்காக நாம் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கும் வேலை.

நான் மேலகரத்துக்காரன். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஒரு பக்கம் தென்காசிக் கோபுரம், இன்னொரு பக்கம் குற்றால மலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்செந்தூருக்குப் பஸ் ஏற வேண்டும். அப்படிப்பட்டவனை, அரபிக்கடலில் குடியிருப்பே இல்லாத ஒரு தீவுக்கு உதவி விளக்குக் காப்பாளனாகப் போட்டார்கள். அங்கே இரண்டே பேர்தான். ஒன்று நான், இன்னொன்று தலைமைக் காப்பாளர் வர்கீஸ் சார். அவர் கொல்லத்துக்காரர், செங்கோட்டையில் ரயில் ஏறினால் மலைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அங்கே பெயரே 'தென்காசி'தான்.

பெண்டாட்டி பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி அலைந்த என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இறங்கும் இடம்

குற்றாலத்துக்காரனுக்குத் தண்ணீர் பயம் ஏது என்ற தைரியத்தில்தான் கொச்சியில் கப்பல் ஏறினேன். நமக்குத் தெரிந்த தண்ணீர் மேலேயிருந்து தலையில் விழும். கால் பாறையில் இருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருப்பார்கள். அந்தத் தீவில் கப்பல் நிற்க இடமே கிடையாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல் தூரத்திலேயே நின்றுவிட்டது. பக்கவாட்டில் ஒரு கயிற்றேணியைத் தொங்கவிட்டு, கீழே சின்னப் படகு ஒன்றைக் கொண்டுவந்து, இறங்கச் சொன்னார்கள். படகு ஒரு நேரம் என் காலடிக்கு வந்தது. அடுத்த நேரம் கிணற்றுக்குள் வாளி போவதுபோல் கீழே போனது. நான் கடைசிப் படியில் கண்ணை மூடிக்கொண்டு தொங்கினேன். கையை விடு என்று எல்லோரும் கத்த, கை என் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் படகுக்காரர் என் இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டார். விழுந்த இடத்தில் அரிசி மூட்டை இருந்ததால் எலும்பு தப்பியது.

முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் வர்கீஸ் சார். என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, முதன்முதலாக என்னிடம் பேசினார்: "இறங்குறதுக்கே இப்படியா? லீவுக்குப் போறப்போ இதே ஏணியில ஏறணும்டோ."

பாதரசத் தொட்டி

எங்கள் கோபுரம் வெள்ளைக்காரன் காலத்தது. தீவைச் சுற்றித் தண்ணீருக்கு அடியில் பவளப்பாறை. அதில் ஏறி உடைந்த கப்பல்கள் ஒன்றிரண்டல்ல என்பதால் கட்டினார்களாம். தீவில் மணலும் தென்னையும்தான், கருங்கல் கிடையாது. ஒவ்வொரு கல்லும் பாய்மரக் கப்பலில் வந்து, படகில் இறங்கி, மனிதத் தோளில் ஏறியிருக்கிறது. முதலில் திரி விளக்கு எரிந்தது. பிறகு மண்ணெண்ணெய் விளக்கு, இப்போது மின்விளக்கு. மாறாதது உச்சியில் விளக்கைச் சுற்றி நின்று வெளிச்சத்தைக் குவிக்கும் கண்ணாடி வில்லை மட்டும். ஆள் உயரம் இருக்கும். அவ்வளவு எடையும் ஒரு தொட்டிப் பாதரசத்தின் மேல் மிதக்கிறது. மெல்லத் தள்ளினாலே சுற்றும்.

இதையெல்லாம் ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டு வந்த வர்கீஸ் சார், அதே மூச்சில், ரொம்ப காலத்துக்கு முன்னால் இருந்த ஒரு காப்பாளர் பாதரச ஆவி தலைக்கேறி, கை நடுங்க ஆரம்பித்து, கண்ணாடியோடு பேசிக்கொண்டிருந்தார் என்றும், அடுத்து வந்த கப்பலில் கையைக் காலைக் கட்டித்தான் கொண்டுபோனார்கள் என்றும் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேலே போனால் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து ஆவியைக் கழுவிவிடலாம் என்று நானாக ஒரு வைத்தியம் வேறு. சில நாளில் டம்ளரைத் தூக்கினால் டீ தளும்புகிறது. பார்த்தால், கை நடுங்குகிறது! அவ்வளவுதான், பெண்டாட்டி செல்விக்கும் மகள் மீனாவுக்கும் இனி யார் என்று கண் கலங்கிவிட்டது. "சார், எனக்கும் வந்துட்டு" என்று கையை நீட்டினேன். அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். மூடி வைத்திருந்த என் சோற்றுத் தட்டைத் திறந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "இது பாதரசம் இல்லடோ தென்காசி, பட்டினி."

பாண்டியபுரம்

கோபுரத்துக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே சில கற்கள் நட்டிருக்கும். கோபுரம் கட்டும்போது காய்ச்சலில் செத்தவர்களின் சமாதி என்று வர்கீஸ் சார் சொல்லியிருந்தார். நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஒருநாள் கொடியில் காயப்போட்ட கைலி காற்றில் பறந்து அங்கே போய் விழுந்துவிட்டது. எடுக்கப் போனால், ஒரு கல்லில் தமிழ் எழுத்து. மணலைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். 'இசக்கி' என்பது தெளிவாக இருந்தது. அதற்கடுத்த எழுத்துகள் பொரிந்து போயிருந்தன. கீழே, முன்பாதி உதிர்ந்துபோய், 'பாண்டியபுரம்'.

பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது சுந்தரபாண்டியபுரம். அது செல்வியின் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர். எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்த ஊர்க்காரன் ஒருவன் கடல் தாண்டி வந்து, இந்தக் கோபுரத்துக்குக் கல் கொத்தி, திரும்பாமலே போயிருக்கிறான். கூட வந்தவன் எவனோ மிஞ்சின கல்லில் பேரை வெட்டி நட்டிருக்கிறான். வேறெந்த ஊராக இருந்தாலும் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. நானும் இங்கேயே கிடந்துவிடுவேனோ என்ற நினைப்பு அன்று வந்து உட்கார்ந்தது, பிறகு எழுந்து போகவேயில்லை. கோபுரத்து உச்சியில்தான் பக்கத்துத் தீவு சிக்னல் கொஞ்சம் கிடைக்கும். ஏறிப்போய்ச் செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அந்தக் கல்லு பக்கம் போவாதீய" என்றாள். அவள் குரலும் சரியில்லை.

லீவில் வந்ததும் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனேன். சூரியகாந்தி பூத்திருந்த நேரம். வயலோரம் முழுக்க வெளியூர்க் கார்களும் போட்டோ எடுப்பவர்களும். அதைத் தாண்டி ஊருக்குள் போய், கல்வேலை செய்பவர்களைத் தேடி விசாரித்தேன். இசக்கி என்று பேர் உள்ளவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். கடல் தாண்டிப் போன இசக்கியை யாருக்கும் தெரியவில்லை. அம்மி கொத்திக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். மறுபடி உளியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்: "கடலுக்குள்ள செத்தவன் பேரு கல்லுல இருக்குன்னு சொல்லுதீரு. இங்கனயே கெடந்து செத்தவன் பேரு எங்கன இருக்குன்னு சொல்லும், பாப்போம்."

தள்ளு, மெல்ல

ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. இத்தனை முறை மின்ன வேண்டும், இவ்வளவு நேரம் இருண்டிருக்க வேண்டும் என்று. கடலில் இருப்பவன் அதை எண்ணித்தான் இது எந்த இடத்து விளக்கு என்று கண்டுபிடிப்பான். கணக்குத் தப்பினால், வேறு விளக்கு என்று நினைத்துப் பாறையில் ஏறிவிடுவான்.

அந்தப் புயல் மத்தியானமே தொடங்கிவிட்டது. தென்னை மட்டைகள் கத்தி மாதிரி பறந்தன. சாயங்காலத்துக்குள் ஜெனரேட்டர் அறைக்குள் கடல் வந்துவிட்டது. பேட்டரியில் விளக்கு எரிந்தது, ஆனால் வில்லையைச் சுற்றும் மோட்டார் நின்றுபோனது. வெளிச்சம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து வயர்லெஸ்ஸில் ஒரு தமிழ்க் குரல். கன்னியாகுமரிப் பக்கத்து மீன்பிடிப் படகு, இன்ஜின் பாதி போய்விட்டது. "யாராவது இருக்கியளா? அண்ணே, யாராவது இருக்கியளா?" நான் பதில் சொல்வதற்குள் வயர்லெஸ்ஸும் செத்தது.

வர்கீஸ் சார் படியேறினார். நானும் ஏறினேன். உச்சியில் கோபுரம் ஆடுவது காலில் தெரிந்தது. கல் கோபுரம் ஆடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வெளிக்கண்ணாடி ஒன்று வெடித்து உள்ளே கொட்டியது. காற்று உள்ளே புகுந்து ஆளைச் சுவரோடு அழுத்தியது. கீழே ஓடிவிடலாம் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் வாட்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு, "தள்ளு" என்றார். வில்லையைத் தள்ளிக்கொண்டே சுற்றிச் சுற்றி நடந்தேன். "மெல்ல... மெல்ல... இப்ப கொஞ்சம் வேகம்..." அவர் வாட்ச்சைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தலை கிறுகிறுக்க நடந்தேன். நான் விழப்போனால் அவர் தள்ளினார், வாட்ச் என் கைக்கு வந்தது. எப்போதாவது கடல் பக்கம் கண் போகும். கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தப் படகு இருக்கிறதா, இல்லாத படகுக்காகத்தான் சுற்றுகிறோமா என்பதுகூடத் தெரியாமல், காற்று அடங்கும்வரை தள்ளினோம்.

விடிந்து பார்த்தால், தீவுக்குப் பின்பக்கம் அலை இல்லாத இடத்தில் படகு நங்கூரம் போட்டு நிற்கிறது. நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டு அவர்கள் கரைக்கு வந்தார்கள். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்த படகுத் தலைவர், ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "லைட்டு நடுவுல ரெண்டு மூணு தடவ தாமசிச்சு வந்திச்சே, தூங்கிட்டியளா?"

சாரல் சீசன்

கடலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தவனுக்கு, பயம் குற்றாலத்திலிருந்து வந்தது. அருவியில் குளிக்கக் கூட்டம் கூடும் சாரல் சீசனில் ஒருநாள் காலை மச்சினன் போன் பண்ணினான். ஓடிப்போய் உச்சியில் நின்று எடுத்தேன். "அத்தான், ஐந்தருவியில வெள்ளம்... அக்காவும் மீனாவும்..." அதோடு சிக்னல் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். கிடைக்கவில்லை.

மழைக்காலத்திலும் அதிசயமாக, கடல் அன்றைக்குத் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. ஐந்தருவித் தண்ணீர் நிறம் மாறினால் எவ்வளவு வேகத்தில் வரும் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். மீனா யார் கையையும் பிடிக்கவிட மாட்டாள். தானாக நடப்பேன் என்று திமிறுவாள்.  நீந்திப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வர்கீஸ் சார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, அவர் தரையில் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கோடு சிக்னல் வந்தது. செல்வியே எடுத்தாள். அவள் ஹலோ என்றதும் நான் விம்மி அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய்க் கத்தினாள்: "இங்கன போலீஸ்காரவுக காலையிலயே யாரையும் உள்ள விடல, நாங்க பரோட்டாவத் தின்னுட்டு வீட்டுக்கு வந்துட்டோம். நீங்க ஏன் அழுதிய, அங்க என்னாச்சு?"

ஆளில்லாத விளக்கு

பிறகு எங்கள் விளக்கைத் தானியங்கியாக மாற்றிவிட்டார்கள். சூரிய ஒளியில் பேட்டரி ஏறும், பொழுது சாய்ந்தால் புது விளக்கு தானாக மின்னும், கோளாறு என்றால் கரைக்குத் தானாகச் செய்தி போகும். பாதரசத்தைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் தொட்டிக்கு மேலே இவ்வளவு காலம் மிதந்த வில்லை இப்போது சும்மா நிற்கிறது. வர்கீஸ் சார் ஓய்வு பெற்றுக் கொல்லம் போய்விட்டார். எனக்குத் தூத்துக்குடி ஆபீஸில் மேசை கிடைத்தது.

போன மழைக்காலத்தில் அரபிக்கடலில் புயல் என்று டிவியில் சொன்னார்கள். நான் லீவுக்கு வந்து மேலகரத்து வீட்டில், காய்ந்த தரையில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் கை சோற்றுக்குப் போகவில்லை. அந்தக் கடலில் யாராவது வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால், இருக்கிறேன் என்று சொல்ல அங்கே யாரும் இல்லையே. எழுந்துபோய் வர்கீஸ் சாருக்குப் போன் பண்ணினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். அவரும் டிவிதான் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், லைட்டு எரியுமா?" என்றேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "எரியும்டோ, அதுக்குப் பயம் கிடையாதே. எனக்குத்தான் உக்கார முடியல."

ஊரில் எல்லோரும் என்னைக் கடலை ஜெயித்துவிட்டு வந்த ஆள் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருக்க, பயப்படுவதற்கென்றே மாதச் சம்பளமும் வருஷ லீவும் வாங்கிய ஒரே மேலகரத்துக்காரன் நான்தான் என்பது செல்விக்கும், இப்போது உங்களுக்கும் மட்டுமே தெரியும்.