ஒரு பக்கம் மட்டும் பேனல்

தாழ்ப்பாள் அதன் துளைக்குள் போய் உட்காரும்போது முதலில் ஒரு கிறீச், பிறகு ஒரு கனத்த 'டக்'. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், புதுச்சேரியில், கல்லூரி விடுதியில் எனக்குக் கொடுத்த அறையில் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். அது பேனலோ பூவேலையோ இல்லாத, சாம்பல் நிறம் பூசிய மொட்டைக் கதவு. ஆனால் அந்த 'டக்'குக்குப் பிறகு உலகம் வெளியே நிற்கும். கல்யாணமாகி மரக்காணம் வந்த பிறகு அந்தச் சத்தம் எனக்கு வாய்க்கவில்லை. அதற்குப் பதிலாகக் கதவுக் கடை வாய்த்தது.

கணவர் போன பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன். தேக்குக் கதவு போட வசதியில்லாதவர்களுக்கு, இருக்கிற மொட்டைக் கதவின் மேலேயே மெல்லிய சட்டங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டி, இடைவெளியில் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, பெயின்ட் அடித்து, பெரிய வீட்டுக் கதவு போலக் காட்டிக்கொடுப்பது எங்கள் தொழில். கையால் செய்வது தச்சர் தேவசகாயம். அளவெடுப்பதும் பேசுவதும் பேச்சு வாங்குவதும் நான். வீட்டில் மரவேலைக்கு ஆள் விட்டு அவதிப்பட்டவர்களே, உங்கள் பக்கத்துப் புலம்பல் எனக்கு மனப்பாடம். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

அரண்மனைத் துரு

குயிலாப்பாளையத்தில் நாலு அறை வைத்து விடுதி நடத்துகிற ஒருவர், செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒரு பெண் ஒரே மத்தியானத்தில் கதவுக்குச் சட்டம் ஒட்டி, ஆணி அடித்து, வெள்ளை பூசி, கையைத் தட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஊரில் உப்புக் காற்று கிடையாது, இங்கே பித்தளை ஆணிதான் அடிக்க வேண்டும் என்று சொன்னேன். “ஆணி உள்ளாறதானம்மா போவுது, அதுக்கு எதுக்குப் பித்தளை?” என்று இரும்பாணி வாங்கி, முதல் கதவைத் தானே அடித்துக்கொண்டார். மிச்சம் பிடிப்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசி மழை முடிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார். ஒவ்வொரு ஆணித் தலையிலிருந்தும் வெள்ளைப் பெயின்ட்டின் மேல் பழுப்பாக ஒரு தாரை இறங்கியிருந்தது. கதவே உட்கார்ந்து அழுத மாதிரி. 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லும் சுகத்துக்காகவே நான் பஸ் ஏறிப் போயிருந்தேன். அதுவும் கிடைக்கவில்லை. அறையில் தங்கிய வெளிநாட்டுக்காரர் அந்தக் கதவைப் படம் எடுத்துக்கொண்டு போனாராம். விடுதிக்காரர் முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: “பழைய அரண்மனைக் கதவு மாதிரி இருக்குதாம்மா. மீதி மூணு கதவுக்கும் இதே மாதிரி துரு வர்றாப்புல அடிச்சுக் குடுங்க.”

உள்பக்கத்தை யார் பார்ப்பது

உப்பளம் வைத்திருக்கிற ஒருவரின் மனைவி கோமளா. கீழ்புத்துப்பட்டில் சொந்தக்காரர் வீட்டில் பேனல் கதவைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் தூங்கவில்லை என்று அவளே சொன்னாள். வீட்டில் ஹாலைப் பார்த்தபடி இரண்டு கதவுகள். ஒன்று அவள் அறை. அதற்கு இரண்டு பக்கமும் பேனல். இன்னொன்று மருமகள் ரேவதியின் அறை. அதற்கு ஹால் பக்கம் மட்டும் பேனல். உள்பக்கம் பெயின்ட்கூட வேண்டாம்.

தேவசகாயம் பொறுமையாகச் சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் சட்டமும் பெயின்ட்டும் போட்டு மூடினால், மூடாத பக்கம் மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து உப்பும், கதவு வளையும் என்றார். “உள்பக்கத்த யாரு பாக்கப்போறாங்க?” என்றாள் கோமளா. “உள்ள இருக்கிறவங்க பாப்பாங்களே” என்றேன். “அது மருமக ரூமுதான்க்கா” என்று என்னைச் சமாதானப்படுத்தினாள்.

ரேவதிக்கு இருபத்தாறு வயதிருக்கும். பட்டம் வாங்கியவள். புருஷன் துபாயில். அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தை கழிந்ததும் பரீட்சை. இதுதான் கடைசித் தடவை, அதோடு புத்தகத்தைக் கட்டி வைத்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த அறைக் கதவுக்கு இரண்டு பக்கமிருந்தும் திறக்கிற குமிழ்ப் பூட்டு மட்டும்தான். நான் அளவெடுக்கிற அரை மணி நேரத்தில் அரிசி டப்பா மூடி எங்கே என்று ஒரு தரம், டிவி ரிமோட் எங்கே என்று ஒரு தரம், சும்மா ஒரு தரம் என்று மாமியார் உள்ளே வந்து போனாள். மூன்றாவது தரம் அவள் வெளியே போனதும் ரேவதி தேவசகாயத்திடம் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வெச்சுத் தர முடியுங்களா? ரெண்டு மணி நேரம் சேந்தாப்புல படிச்சாப் போதும்.”

என் காதில் எந்த ஊரிலோ ஒரு 'டக்' கேட்டது. ரேவதி கேட்டது கோமளாவின் காதிலும் விழுந்துவிட்டது. ஹாலிலிருந்து பதில் வந்தது. நான் படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, தலையாட்டிவிட்டு அளவை எழுதிக்கொண்டேன். கோமளா சொன்னது இது: “வயசுப் பொண்ணு, புருஷன் ஊர்ல இல்ல, உள்தாழ்ப்பாள் எதுக்கு? நாலு பேரு என்ன நெனப்பாங்க? அந்தத் துட்டுக்கு இன்னொரு கட்டம் சேத்து ஒட்டுங்க.”

தட்டிப் பார்ப்பவர்கள்

பேனல் ஒட்டினால் கண்ணை ஏமாற்றலாம், காதை ஏமாற்ற முடியாது. விலை குறைந்த கதவு உள்ளே பாதி வெற்றிடம். விரலால் தட்டினால் காலித் தகரம் மாதிரி பேசும். எங்கள் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பதற்கு முன்னால் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். இதற்கு ஒரு உப்பு வியாபாரி வழி கண்டுபிடித்தார். கதவின் தலையில் துளை போட்டு, புனல் வைத்து, உள்ளே பொடி உப்பைக் கொட்டி நிரப்பி, துளையை அடைத்துவிட்டார். சொந்தச் சரக்கு, செலவில்லை. தட்டினால் தேக்கு தோற்றது. வந்தவர்கள் எல்லாரும் தட்டினார்கள், எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

மழைக்காலம் வந்தது. உப்பு தண்ணீர் விட்டது. கீழ்விளிம்பிலிருந்து நாளெல்லாம் சொட்டி, வாசல்படியில் குட்டி உப்பளமே காய்ந்தது. நாங்கள் ஒட்டிய சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கனம் தாங்காமல் மேல் கீல் நிலையைவிட்டுப் பிய்த்துக்கொண்டது. அந்த மனிதர் பக்கத்தில் நின்று நிதானமாகச் சொன்னார்: “ஆனா ஒண்ணு பாருங்கம்மா, எறும்பு வரல.”

பீரோவும் கதவும்

பிரம்மதேசத்தில் ஒரு விவசாயி. கதவின் இரண்டு பக்கமும் தடித்த சட்டம்தான் வேண்டும், மெல்லிசு கண்ணுக்குத் தெரியாது என்று ஒரே பிடி. கதவை அளந்தார், நிலையை அளந்தார், கதவுக்குப் பின்னால் நிற்கிற கல்யாணப் பீரோவை மட்டும் அளக்கவில்லை. கதவு முக்கால்வாசி திறந்து, சட்டம் பீரோவின் கைப்பிடியில் இடித்து நின்றது. சட்டத்தை இழைத்துவிடலாம் என்றார் தேவசகாயம். முடியாதாம், டிசைன் போய்விடுமாம். பீரோவை நகர்த்தலாம் என்றேன். அதுவும் முடியாதாம், மூலை சாஸ்திரப்படி வைத்ததாம். “இவ்ளோ சந்து போதாதா, ஒடம்ப ஒருக்களிச்சுப் போனா ஆச்சு” என்று போய்க் காட்டினார். அவர் மூங்கில் மாதிரி இருப்பவர். அவர் மனைவி அப்படி இல்லை. அடுப்படியிலிருந்து அந்த அம்மாள் சொன்னது: “விடுங்க, இனிமே ரூம்பு அவருக்கு, பீரோ சாவி எனக்கு.”

வில்

கார்த்திகையில் கோமளாவிடமிருந்து போன். “உங்க கதவ வந்து பாருங்க” என்றாள். நல்லது நடக்கும்வரை 'எங்கள் கதவு', கெட்டதும் 'உங்கள் கதவு'. இது உங்களுக்கும் தெரிந்த இலக்கணம்தான்.

தேவசகாயம் சொன்னபடி எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது. கோமளாவின் அறைக் கதவு நேராக நின்றது. ரேவதியின் கதவு வில்லாக வளைந்து, மேல்மூலையும் கீழ்மூலையும் நிலையில் இடிக்க, நடுப்பகுதி ஒரு விரல் உள்ளே விலகி நின்றது. பூட்டின் நாக்கு எட்டவில்லை. முன்பாவது கதவு சாத்தியிருக்கும், திறந்துகொண்டு வருவார்கள். இப்போது காற்று அடித்தாலே திறந்துகொண்டது. ஹாலில் டிவி விவாதத்தில் கத்துகிறவர்கள் எல்லாரும் அவள் மேஜையில் உட்கார்ந்து கத்தினார்கள். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. ரேவதி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கதவுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் கதவுக்குக் கொடுத்துவிட்டதால் அவள் தரையில் இருந்தாள்.

வளைந்த கதவு அசிங்கமாக இருக்கிறது, அதுதான் கோமளாவின் குறை. மற்றபடி அவளுக்கு அதில் ஒரு சௌகரியம்கூடத் தெரிந்திருந்தது: “கூப்புட்டா கேக்குது. முன்னெல்லாம் ரெண்டு தரம் கத்தணும்க்கா.”

டிசைன் கெடக்கூடாது

கதவைக் கழற்றிப் போட்டு, உள்பக்கமும் அதே சட்டம், அதே பெயின்ட் போட்டால்தான் இரண்டு பக்கமும் சமமாகும் என்றார் தேவசகாயம். கோமளா முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். ஆனால் வளைந்த பலகை உடனே நிமிராது, நடுவில் ஏதாவது இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு தாழ்ப்பாள் போதும் என்றார். இது பொய்யில்லை. மரவேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

“அப்ப வெளிப்பக்கம் போடுங்க” என்றாள் கோமளா. மருமகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற தாழ்ப்பாளுக்கு அவளுக்கு ஆட்சேபம் இல்லை. ரேவதி கையில் புத்தகத்தோடு சுவரோரம் நின்றாள். போன தடவை கேட்டதே போதும் என்று இருந்திருக்கும்.

அளவு நாடாவைச் சுருட்டியபடி நான் பேசினேன். “போடலாம் கோமளா. ஆனா சரியா நடுக்கட்டத்து மேல உக்காரும். அவ்ளோ அழகான டிசைன் நடுவுல இரும்பு முளைச்ச மாதிரி நிக்கும். கீழ்புத்துப்பட்டு வீட்ல அப்படி இல்லயே?”

கோமளா சோபாவில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கதவைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போய், வருகிறவர் கண்ணால் பார்த்தாள். திரும்பி வந்து, “சரி, உள்பக்கமே இருக்கட்டும். ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் போட்டு வெக்கணும்?” என்று தேவசகாயத்தைக் கேட்டாள்.

தேவசகாயம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி சொன்னார்: “எட்டு மணி நேரமாச்சும் இழுத்துப் புடிக்கணும்மா. விட்டா மறுபடி வளைஞ்சிரும்.” வெளியே வந்ததும் என்னிடம், “நாலு மணி நேரம் போதும்மா. மீதி நாலுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்றார்.

மூன்றாம் நாள் கதவை மாட்டினோம். கோமளா தானே மேற்பார்வை. ரேவதி உள்ளே போனாள். முதலில் ஒரு கிறீச், பிறகு 'டக்'. நான் உளியையும் திருப்புளியையும் பையில் அடுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். மறுவாரம் பாக்கியிருந்த கைப்பிடியை மாட்டப் போனபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரேவதியைக் கோமளா விரட்டிக்கொண்டிருந்தாள்: “ஏய், கதவு வளையப்போவுது பாரு. கீரைய நான் பாத்துக்கறேன், நீ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுட்டு உக்காரு.”

இந்தத் தொழிலில் யாருக்காவது ஒரு நல்லது செய்ய வேண்டுமென்றால், அதையும் டிசைன் என்று சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கிறது.

ரேவதி இப்போது விழுப்புரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வாடகை வீடு, பேனல் இல்லாத மொட்டைக் கதவு, உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்.