கைபேசிக்குள் இருந்த அப்பா

கட்டுமானத் தளத்தில் அவனுக்குப் பெயர் உச்சி. கோபுரக் கிரேன் ஓட்டுகிறவன். விடிந்ததும் இரும்பு ஏணியில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்குவான். சோறு தண்ணீர் எல்லாம் மேலேயே, ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள். கீழே நடமாடுகிறவர்கள் எறும்புகளாகத் தெரிவார்கள். அத்தனை வருஷத்தில் தன் கொக்கியிலிருந்து ஒரு செங்கல்கூட யார் தலையிலும் விழுந்ததில்லை என்பதுதான் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

மகள் பிறந்த செய்தி அந்தக் கூண்டுக்குள்தான் அவனுக்கு வந்தது. வீடு வெகு தூரம். அதன் பிறகு ஒரே ஒரு முறை வீட்டுக்குப் போக முடிந்தது. அப்போது அவள் நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மற்றபடி அப்பன் மகள் உறவு முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில், கைபேசித் திரையில் நடந்தது. தலையில் மஞ்சள் தலைக்கவசத்தோடு உச்சி திரையில் வருவான். விரல் முட்டியால் அதை இரண்டு தடவை தட்டுவான். டக் டக். அந்தப் பக்கம் மகள் கண்ணாடியை இரண்டு தடவை தட்டுவாள். அவளைப் பொறுத்தவரை அப்பா என்றால் உள்ளங்கை அகலம், மஞ்சள் தலை, மதியம் வெளிச்சம் வரும், பிறகு அணைந்துவிடும். மனைவி கைபேசியை சார்ஜில் போட்டால், "அப்பா மம்மு சாப்டறாரு" என்று யாரையும் கிட்டே விடமாட்டாள். இதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். உச்சியும் சிரித்தான்.

மகளுக்கு இரண்டு வயது தாண்டியபோது மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கியது. ரத்த அழுத்தம் ஏறிப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மாமியார் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தார். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. உச்சி விடுப்புக் கேட்டான்.

"பிரசவம் உனக்கா, அவளுக்கா?" என்றார் மேற்பார்வையாளர்.

"அவளுக்குத்தான் சார். ஆனா புள்ள ரெண்டு பேருக்கும்தானே?"

இந்த எளிய கணக்கு அவருக்குப் புரிய நான்கு நாள் ஆனது.

வீட்டு வாசலில் அவன் போய் நின்றபோது மகள் மாமியாரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கையை நீட்டினான். "போ" என்றாள். தலைக்கவசம் நிறுவனத்தின் சொத்து. வாயிற்காவலரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். வெறும் தலையோடு இருந்த அந்தப் பெரிய கருப்பு ஆளுக்கும் கைபேசிக்குள் இருந்த அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மனைவி சொன்னாள். "அக்கா வீட்டுல கொண்டு போய் விடுங்க. நீங்களும் அங்கயே இருங்க. எல்லாரும் இருக்கற வீடு, லீவு முடியறதுக்குள்ள உங்ககிட்ட ஒட்டிக்குவா."

"ஒரே ஒரு தடவ என் மூஞ்சியப் பாத்து அப்பான்னு கூப்ட்டா போதும்டி. அப்புறம் நான் பாட்டுக்கு மேல ஏறிடுவேன்."

"கூப்பிடுவா. தலையில ஒரு சட்டியக் கவுத்துக்கங்க."

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் உச்சி மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். மனைவியின் அக்கா வீட்டுக்குப் போக ஒரு நடு ஊரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். கிளம்பும்போதே சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், கூப்பிட்டார். மரக்கடை வைத்திருப்பவர், மூச்சுக்கு ஒரு நையாண்டி. உச்சியுடையது காதல் கல்யாணம். 'எங்க வீட்டுப் பொண்ணைத் தூக்கிட்டுப் போன திருடன்' என்று அன்று ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை.

"என்னடா திருடா, புள்ளைய நீ தூக்கிட்டு வர்றியா, புள்ள உன்னத் தூக்கிட்டு வருதா?"

"வந்து சேர்றேன் அண்ணே. இப்பவே அழ ஆரம்பிச்சுட்டா."

"உன் மூஞ்சியப் பாத்தா நான்கூட அழுவேன். வா வா."

பஸ்ஸில் அவள் பாதி வழி அழுதாள். ஜன்னலைத் திறந்தான், மூடினான். பிஸ்கட் கொடுத்தான், தட்டிவிட்டாள். மடியிலேயே மூத்திரம் போனாள். ஜட்டி மாற்றுவது எப்படி என்று மாமியார் காட்டியது ஆடாத தரையில்; ஓடுகிற பஸ்ஸில் காலை எதற்குள் நுழைக்கிறோம் என்றே தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் உதவவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி நல்ல கருப்பான ஆள், வெயிலில் இன்னும் கரிந்தவன். மகள் தாயைப் போல வெளுப்பு. அவர் ஒரு முறை குழந்தையைப் பார்த்தார், ஒரு முறை அவனைப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து எதையோ மறுபடி படித்தார்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்துக் கைபேசிகளில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், மயக்க பிஸ்கட் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு படம். எந்த நாட்டில், எந்த வருஷம் எடுத்தது என்று யாருக்கும் தெரியாத படம். அந்த ஊரில் ஒரு குழந்தைகூடக் காணாமல் போயிருக்கவில்லை. கேட்டிருந்தால் காவல் நிலையத்தில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. கேட்டால் செய்தி செத்துப்போகும். செய்தியைச் சாகவிட மனசு வரவில்லை.

நடு ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மகள் விழித்தாள். புது இடம், புது மனிதர்கள். "அம்மாட்ட போணும்" என்று உடம்பை வில்லாக வளைத்து அலறினாள். உச்சி மறுபடி பிஸ்கட்டை எடுத்தான்.

"டேய், பிஸ்கட்டு குடுக்கறான் பாரு!" என்று கத்தியவர் பக்கத்து இருக்கைக்காரர்.

சொல்லி முடிப்பதற்குள் சுற்றி ஆள் கூடிவிட்டது.

"யாருதுய்யா இந்தக் கொழந்த?"

"என் பொண்ணுங்க."

"உன் பொண்ணா? கண்ணாடியில மூஞ்சியப் பாத்திருக்கியா?"

சிரிப்பு எழுந்தது. உச்சியும் வழக்கம்போல அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். "திருட்டு முழி முழிச்சிட்டுச் சிரிக்கிறான்" என்றது ஒரு குரல்.

வயதான ஒருவர் குழந்தையின் எதிரே குனிந்தார். "பாப்பா, உங்கப்பா எங்க? அப்பாவக் காட்டு."

மகள் விக்கலோடு சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு உச்சியின் சட்டைப்பையில் இருந்த கைபேசியைக் காட்டினாள். "அப்பா."

"பாத்தீங்களா! அப்பனுக்குப் போன் போடச் சொல்லுது!"

உச்சிக்கு வாய் குழறியது. என்னை அவளுக்குப் போனுக்குள்தான் தெரியும் என்று சொல்ல முயன்றான். தன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. விரல் முட்டியால் தன் வெறும் தலையை இரண்டு தடவை தட்டிக் காட்டினான். "பாப்பா, டக் டக். பாரும்மா, டக் டக்." மகள் அழுகையை நிறுத்தி ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். அந்த ஒரு நொடியோடு இன்னொரு நொடி சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ. "பைத்தியம் மாதிரி நடிக்கிறான்" என்று எவனோ பிடரியில் ஓர் அறை வைத்தான். மகள் வீறிட்டாள்.

கைபேசியைப் பிடுங்கினார்கள். முகப்பில் குழந்தையின் படம் இருந்தது. "போட்டோ எடுத்து வச்சிருக்கான்!" ஒரு பெண் முன்னால் வந்தாள். "உன் புள்ளதானே? உடம்புல மச்சம் எங்க இருக்கு, சொல்லு."

உச்சிக்குத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் நின்ற அப்பன்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பிள்ளைகளின் மச்சம் தெரியும்? அதை ஒருவனும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை. குற்றவாளியைத் தீர்மானித்துவிட்ட கூட்டத்துக்கு எதைக் கொடுத்தாலும் அது சாட்சியம்தான். பிஸ்கட் சாட்சி, படம் சாட்சி, சிரிப்பும் சாட்சி.

டீக்கடை நடத்தும் அம்மா ஒருத்தி மட்டும் கரண்டியோடு ஓடிவந்தாள். "யோவ், அறிவிருக்கா உங்களுக்கு? போனுதான் கையில இருக்கே. அவன் வீட்டாளுங்கள ஒரு வார்த்த கேளுங்கய்யா!"

நியாயமான யோசனை. அதையும் செய்தார்கள். உச்சி கைகூப்பி மனைவியின் எண்ணைச் சொன்னான். மணி அடித்துக்கொண்டே இருந்தது; அவளை ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்த நேரம். "சகலைக்கு அடிங்க, சகலைன்னே போட்டிருக்கும்." கைபேசிக் கடை வைத்திருந்த இளைஞன் ஒலிபெருக்கியில் போட்டான். தந்திரமாகக் கேட்பதாக அவனுக்கு நினைப்பு.

"ஹலோ, இங்க ஒருத்தன் கொழந்தையோட நிக்கறான். உங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?"

உச்சியின் எண்ணிலிருந்து வேறு குரல். உச்சி யாரோ வழிப்போக்கனை விட்டு விளையாடுகிறான் என்று சகலை நினைத்தார். வழக்கமான உற்சாகத்தில் குரல் கணீரென்று வந்தது.

"யாரு, அந்தக் கருவாயனா? ஐயோ, அவன் பெரிய திருடனாச்சே! எங்க வீட்டுப் பொண்ணத் தூக்கிட்டுப் போனவன் சார் அவன். விட்றாதீங்க, கட்டிப் போடுங்க, இதோ வர்றேன்!"

அதற்குப் பிறகு அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

டீக்கடை அம்மா குழந்தையைப் பிடுங்கித் தன் கடைக்குள் மேசைக்கு அடியில் உட்காரவைத்து முந்தானையால் மறைத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். வெளியே செருப்பு, கல், எவனோ இழுத்து வந்த மரச்சட்டம். கைபேசி யார் கையிலிருந்தோ நழுவித் தரையில் விழுந்தது. இணைப்பு இன்னும் அறுபடவில்லை. "ஏங்க, தமாஷுங்க! ஐயோ, தமாஷுக்குச் சொன்னேங்க! அவன் என் தம்பிங்க!" என்று சகலையின் குரல் யாருடைய காலுக்கோ அடியில் கத்திக்கொண்டிருந்தது. பிறகு கண்ணாடி நொறுங்கியது.

அதே நிலையத்தின் பின்னால், மூடியில்லாத சாக்கடையில் போன மழைக்காலத்தில் ஒரு சிறுவன் விழுந்து செத்தான். நிஜமான குழந்தை, நிஜமான சாவு. அன்றைக்கு இவர்களில் ஒருவரும் திரளவில்லை. ஒரு மூடி போடு என்று கேட்க ஒரு கல் எழவில்லை. சாக்கடை இப்போதும் திறந்தேதான் கிடக்கிறது.

காவலர்கள் வந்தபோது உச்சி பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். நிலையம் காலியாகிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் டீக்கடை அம்மாவிடம் கேட்டார்.

"யாரும்மா அடிச்சது?"

"எல்லாரும்தான் சார்."

"எல்லாரும்னா? எல்லாரும்னு எப்படிக் கேஸ் எழுதறது?"

"அப்ப யாரும் அடிக்கலன்னு எழுதிக்கங்க சார். அந்தாளு வெயில்ல தானா வெடிச்சுட்டான்."

அவள் ஆறு பேரை அடையாளம் காட்டினாள். அடுத்த வாரம் அவள் கடையின் பெஞ்சுகளை யாரோ உடைத்துப் போட்டார்கள். அந்த வழக்கிலும் குற்றவாளி 'எல்லாரும்'தான்.

உச்சி பிழைத்தான். இடது கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரக் கணக்குப் பிடிபடாது. கொக்கி எங்கே, ஆள் எங்கே என்று தெரியாதவனை நிறுவனம் இனி ஏணியில் ஏற்றாது. டாக்டர் தலை முழுக்க வெள்ளைக் கட்டுப் போட்டு, மற்ற நோயாளிகள் பார்த்துப் பயப்படாமல் இருக்கக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தார். சகலை வார்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

மனைவி இன்னும் பிரசவ ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்ததால் அவள் அக்காதான் குழந்தையோடு வந்தாள். குழந்தையை நடைவழியில் நிறுத்திவிட்டுத் திரைக்குள் தலையை நீட்டினாள். "தம்பி, அவ சரியா சாப்பிடறதே இல்ல. என் போன எடுத்து வச்சுக்கிட்டு அப்பா, அப்பான்னு தட்டிக்கிட்டே இருக்கா. உங்களப் பாத்தா பயந்துக்குவாளோன்னு இருக்கு."

உச்சிக்குப் பேசத் தாடை ஒத்துழைக்கவில்லை. "அண்ணன் போன் தாங்க" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

சகலையின் கைபேசி திரைக்குள் வந்தது. படம் வராத வெறும் அழைப்பு. நடைவழியில் பெரியம்மாவின் கைபேசி மணியடித்தது.

"பாப்பா" என்றான்.

"அப்பா!"

மூன்றே எழுத்து மூச்சுமுட்ட ஓடிவந்தது. வார்டில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா மம்மு சாப்ட்டாச்சா? அப்பா டக் டக்?"

உச்சி கையை உயர்த்திக் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டினான். டக் டக்.

சத்தம் அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து கேட்டது. கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் புரட்டி அதன் முதுகைப் பார்த்தாள். பிறகு திரைச்சீலையைப் பார்த்தாள். பெரியம்மா பிடிப்பதற்குள் நடந்துபோய்த் துணியை விலக்கினாள்.

உச்சி முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். முடியவில்லை. வீங்கிக் கருத்த முகம், தைத்த உதடு. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. நெற்றியிலிருந்து காதுவரை தலையைச் சுற்றி உருண்டையாக இருந்த அந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தாள். கட்டில் சட்டத்தில் காலை வைத்து ஏறினாள். விரலை மடக்கி, முட்டியால், கட்டின் மேல் இரண்டு தடவை தட்டினாள்.

"அப்பா" என்றாள், அவன் முகத்தைப் பார்த்து.

தையல் போட்ட இடத்தில்தான் தட்டியிருந்தாள். வெள்ளைத் துணியில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறிப் பரவியது. "ஐயோ, வேணாம் கண்ணு, அப்பாவுக்கு வலிக்கும்" என்று பெரியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க" என்றான் உச்சி. தலையைத் தலையணையிலிருந்து இன்னும் கொஞ்சம் மகள் பக்கம் நகர்த்தினான்.

"தட்டும்மா. இன்னொரு தடவ தட்டு."