இணைக்காமல் விட்ட வரைபடம்

பொதுமக்களுக்குத் திரைப்படம் காட்டும் இடத்துக்கு உரிமம் வேண்டும். படம் காட்டும் இயந்திரம் தீப்பிடிக்காத தனியறையில் இருக்க வேண்டும். பாலிகஞ்சில் எங்கள் கீழ்வீட்டுக் காக்குவின் கார் ஷெட்டில் அது ஒரு பிரம்பு முக்காலியின்மேல் இருந்தது. காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. அவரிடம் கார் இல்லை. ஆகவே சினிமா வைத்திருந்தார்.

இருபது பேர் நெருக்கி உட்காரலாம். படங்களையும் அவரே எடுப்பார்; நடிகர்கள் எங்கள் கட்டடத்துக்காரர்கள். ரீல் மாற்றும்போது விளக்கைப் போட்டதும் பார்வையாளர்கள் இயக்குநரை நேரிலேயே திட்டலாம். அத்தனை நேர்மையான தியேட்டரை நான் பிறகு பார்க்கவில்லை.

புதுப்படத்தில், புயலுக்குமுன் மொட்டைமாடியில் துணி எடுப்பவள் என் அம்மா. அந்தச் சமயம் பார்த்து யாரோ புகார் கொடுத்தார்கள். அனுமதியில்லாமல் காட்டினால் இயந்திரம் பறிமுதல் என்று போலீஸ்காரர் சொல்லிப்போனார். காக்கு மத்திய அரசு அதிகாரியான அப்பாவிடம் ஓடிவந்தார்.

அப்பா மனு தட்டச்சு செய்தார். காக்கு ஷெட்டின் வரைபடம் வரைந்து கொடுத்தார். உறையை ஒட்டியபின் பார்த்தால் வரைபடம் மேசைமேலேயே கிடந்தது.

"அப்பா, மேப் வெளியில இருக்கு!"

"அடடே, மறந்துட்டேனே," என்றபடி தபால்தலையை ஒட்டினார்.

"உங்கப்பாவாவது, மறக்கறதாவது!" என்றாள் அம்மா. அம்மா திரையில் வரப்போவதில்லை என்று நான் அழுதேன்.

சனிக்கிழமை படம் ஓடியது. பெரிய தியேட்டர்களில் முகங்கள் வீட்டு உயரம் வரும். அந்தச் சுவரில் அம்மா அம்மாவின் உயரத்திலேயே வந்தாள். பாதியில் போலீஸ்காரர் நுழைந்தார். அப்பா எழுந்து, அவரை வங்காள வழக்கப்படி அண்ணன் என்றழைத்து, மனுவை அனுப்பிய பதிவுத் தபால் ரசீதை நீட்டினார்.

"மனு பரிசீலனையில இருக்கு, தாதா. மறுத்து உத்தரவு வந்தா நானே கதவைச் சாத்தறேன்."

போலீஸ்காரர் யோசித்தார். திரையைப் பார்த்தார். "இது மாடிவீட்டு பௌதி இல்ல?" என்று அம்மாவை அண்ணியாக்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு எல்லாப் படங்களும் பரிசீலனையிலேயே ஓடின. ஒரு மனுவிலும் பிழை விடாத அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டதே என்று நான் கவலைப்பட்டேன். முழுமையான மனுவை மறுக்க ஒரு வாரம் போதும். குறையுள்ளது மேசை மேசையாகப் போகும். இது எனக்குப் புரிய எனக்கே ஒரு மேசை கிடைக்க வேண்டியிருந்தது.

‘வரைபடம் இணைக்கப்படவில்லை’ என்ற பதில், நான் அரசு வேலையில் சேர்ந்த ஆண்டு, காக்கு இயந்திரத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த விசுவகர்மா பூஜையன்று வந்தது.