நௌபர் காட்டிக்கொடுத்த விமானம்

கிண்ணியா இறங்குதுறையில் நான் ஐஸ் விற்பவன். கடலுக்குப் போகிறவனின் நம்பிக்கை எவ்வளவு என்பது அவன் வாங்கும் ஐஸில் தெரியும். குறிஞ்சாக்கேணி நௌபர் எப்போதும் பெட்டி நிறைய வாங்குவான். அவன் வெறும் பெட்டியோடு திரும்பியதை நான் கண்டதில்லை. காரணம் கல்லு.

கொட்டியாரக் குடாவுக்குள் கடலடியில் இருந்த ஒரு மேட்டைத்தான் அவனும் அண்ணனும் அப்படிச் சொல்வார்கள். கோணேசர் மலையும் ஒரு சின்னத் தீவும் ஒட்டித் தெரியும் இடத்தில் தூண்டில் போட்டால் கலவாயும் பாரையும் ஏறும். வாப்பா தாஹிர் இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் விட்டுப்போன சொத்து அந்த அடையாளம் ஒன்றுதான். மூத்தவன், நௌபரின் காக்கா இஹ்ஸானுக்கு ஒரு நாள், நௌபருக்கு மறுநாள். கட்டின பெண்டாட்டிகளுக்குக்கூட அவர்கள் இடத்தைச் சொன்னதில்லை.

ஒரு நாள் நங்கூரம் சிக்கிக்கொள்ள, நௌபர் மூச்சுப் பிடித்து இறங்கிப் பார்த்தான். அது கல்லே இல்லை. சிப்பி மூடிய விமானம். உலகப் போர்க் காலத்தில் விழுந்தது. ஒரு இறக்கையும் உடலில் பாதியும் மிஞ்சியிருந்தன.

அந்த நாட்களில் டவுனில் சுகிர்தன் என்ற ஆசிரியர் தொண்டர்களைச் சேர்த்து அப்படியொரு விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தார். மீட்டு, செப்பனிட்டு, கரையில் நிறுத்துவது அவர்களின் திட்டம். வெளிநாட்டு ஆதரவாளர்களும் பின்னால் இருந்தார்கள். நௌபர் போய்ச் சொல்லிவிட்டான். ஏனடா சொன்னாய் என்று கேட்டேன்.

"அத முழுசாக் காணணும் போல இருந்திச்சு மச்சான். கரையில நிண்டா சனம் வந்து பாக்கும். இஹ்ஸான் காக்காவும் போட்ல ஆக்கள ஏத்தி உழைக்கலாம்."

காக்காவைக் கேட்டாயா என்றேன். கேட்கவில்லையாம்.

அனுமதி கிடைத்து, பாரந்தூக்கி பூட்டிய படகு வந்து விமானத்தைத் தூக்கிய அன்று இஹ்ஸான் கரையில் நின்றான். "வாப்பா நமக்குத் தந்தது அது ஒண்டுதான்" என்றான். அதோடு தம்பியோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். பிறகு அந்த இடத்தில் ஒரு மீன்குஞ்சும் கடிக்கவில்லை. இஹ்ஸான் போட்டை விற்றுவிட்டு அரிசி ஆலையில் மூட்டை தூக்கப் போனான்.

"பிளேன் எழும்பி நிக்கட்டும், காக்கா தானா வருவார்," என்பான் நௌபர். அவனுடைய உயிர் முழுக்க அந்த ஒரு பேச்சில்தான் இருந்தது.

கடலில் கிடந்த அலுமினியம் காற்றுப் பட்டால் பொரிந்துவிடுமாம். உப்புக் கழியும்வரை நல்ல தண்ணீரில் ஊறவேண்டும் என்று சுகிர்தன் சீமெந்துத் தொட்டி கட்டினார். சனி, ஞாயிறுகளில் தொண்டர்கள் வந்து சிப்பி சுரண்டினார்கள். இரும்பு பட்டால் கீறிவிடும் என்று குசினி மரக்கரண்டியால். நௌபரோ கடலையே விட்டுவிட்டுத் தினமும் சுரண்டினான். சிப்பிக்கு அடியில் நீலச் சாயம் தெரிந்த அன்று படம் எடுத்து இஹ்ஸானுக்கு அனுப்பினான். அவன் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அந்த வருடம் கோடை இறுகியது. பவுசர் வண்டியில் வரும் தண்ணீர் ஊருக்கே போதவில்லை. தொட்டியைப் பக்கத்துக் கிணற்றால் நிரப்பினார்கள். கோடையில் அந்தக் கிணறு உவர்க்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் தேத்தண்ணீருக்குப் போத்தல் தண்ணீர் வாங்கினார்கள். அந்த உப்பு விமானத்துக்கும் ஆகாது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும், நௌபருக்கும்தான், உறைக்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாரி பிறக்க முன்னம் இறக்கை வெள்ளையாகப் பொரிந்துவிட்டது. விரல் பட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. சுகிர்தன் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து, "இனி ஒண்டும் செய்ய ஏலாது, நௌபர்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார். பாவம், அவரும் நல்ல மனிதர்தான். தொண்டர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்களின் கதையும் ஓய்ந்தது. நௌபர் மட்டும் வீட்டுக் குடிதண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய மனிசி றுஷ்தா என்னிடம் வந்து அழுதாள். நான் என்ன செய்ய?

போன கிழமை நௌபர் இறங்குதுறைக்கு வந்தான். மீன் பெட்டிகளில் மிஞ்சிய தகடுகளும் வெள்ளைத் தூளும். அவற்றைப் போட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஆலைக்குப் போகிற வழியில் இஹ்ஸான் நின்றான். நௌபர் கையில் பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டான். இஹ்ஸான் கிட்ட வந்து, ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்தான். அது உதிர்ந்தது.

"இதுக்கா தம்பி?" என்றான். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

"எங்கயடா கொண்டு போறா?" என்று நான் கேட்டேன்.

"எடுத்த இடத்திலயே போட்டுட்டு வாறன். மீன் திரும்பி வந்தாலும் வரும்."

"அப்ப ஐஸ் அள்ளட்டா?"

நௌபர் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வேணாம்," என்றான்.