எட்டு முனைக் குருசு

ஸ்கார்பரோவில் எங்கள் கோயில் தேர் அன்று, வாசலில் தொண்டனாக நான் நின்றேன். தம்பி வடம் பிடிக்க நின்றான். அவன் மனைவி அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். முதலுதவிக்கு வந்த தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கறுப்பு உடுப்பில், பெட்டியோடு நின்றாள்.

அவள் சட்டையில் எட்டு முனையுள்ள வெள்ளைக் குருசு இருந்தது. மதம் மாற்ற வந்தவள் என்று நினைத்தேன்.

“உதோட உள்ளுக்கு வரேலாது, பிள்ளை.”

அவள் சிரித்தாள். “அங்கிள், இது தொள்ளாயிரம் வருசப் பழசு. ஜெருசலேமுக்கு வந்த நோயாளியளை ஆர் எவர் எண்டு பாக்காமப் பராமரிச்ச குதிரைவீரர் சபையின்ர அடையாளம். அதின்ர வழியில வந்த முதலுதவிச் சபை இண்டைக்கும் இருக்கு. நாங்கள் அதின்ர ஆக்கள்.”

“கதை காணும். கார் பார்க்கில போய் நில்லும்.”

அவள் போனாள்.

தேர் அசைந்ததும் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சத்தம் கேட்டு அவள் கார் பார்க்கின் கடைசியிலிருந்து ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் நெஞ்சை அமுக்கினாள். தம்பி எழும்பவில்லை.

“கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே, தங்கச்சி” என்று தம்பி மனைவி அவளிடம் அழுதாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

மறுநாள் தனியே போய், அவள் நின்ற இடத்திலிருந்து தேரடிவரை நடந்து பார்த்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு காலடி.