தந்ததைத் திருப்பி எடுக்கலாமா?

வயல் வெட்டுக்காக அன்று லீவு போட்டுவிட்டுக் கண்டாவளையில் நின்றேன். அறுவடை இயந்திரத்தின் இரைச்சலில் அதிபரின் அழைப்பு சரியாகக் கேட்கவில்லை. வீதிக்கு வந்து நானே திருப்பி எடுத்தேன். "புவனா ரீச்சர் மோசம் போயிட்டா, மாஸ்டர். பள்ளிக்கூடம் வர வெளிக்கிட்ட இடத்திலையாம்" என்றார். திங்கட்கிழமையிலிருந்து உயர்தர வகுப்பின் அரசியல் பாடத்தை நான்தான் எடுக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். செத்த செய்தியோடு அதையும் சொன்னதற்காக அவர்மேல் கோபம் வந்தது.

எங்களோடு படிப்பித்தவர்களுக்கும் புவனா ரீச்சரிடம் படித்தவர்களுக்கும் இது தெரியும்: என் வரலாற்று வகுப்புக்கும் ரீச்சரின் வகுப்புக்கும் நடுவே ஓர் அரைச்சுவர்தான். பிரித்தானிய ஆட்சிமுறையை அவர் படிப்பிக்கும்போது நான் என் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டதுண்டு. ஸ்கொட்லாந்துக்கு ஒரு பாராளுமன்றம், வேல்ஸுக்கு ஒரு சபை, வட அயர்லாந்தில் பகையாளிகள் கூடியிருந்து நடத்தும் அரசு என்று அந்தப் பாடத்தில் புதிய பக்கங்கள் சேர்ந்திருந்த காலம். இங்கே சண்டை நின்றிருந்த காலமும் அதுதான். "அங்கை மழை பெய்து இஞ்சை குளம் நிரம்பாது, ரீச்சர்" என்று நான் பகிடி விடுவேன். அவர் சிரித்துக்கொண்டே படிப்பிக்கப் போய்விடுவார்.

அந்த வகுப்பில் அவருடைய மகன் கஜனும் இருந்தான். ஒருநாள் அவன் எழும்பி, "சட்டம் போட்டுத் தந்த அதிகாரத்தை இன்னொரு சட்டம் போட்டுத் திருப்பி எடுக்கலாமோ, ரீச்சர்?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கும் அவர் ரீச்சர்தான்.

"எடுக்கலாம்" என்றார். வட அயர்லாந்துச் சபையை லண்டன் இடைநிறுத்தியதையும் உதாரணமாகச் சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுசி. அடுத்த மாதம் கஜன் இயக்கத்துக்குப் போனான். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மீள்குடியேறித் தகரக் கொட்டகையில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, பிரித்தானிய ஆட்சிமுறை என்ற அந்தப் பாட அலகை வேறு யாராவது எடுக்கட்டும் என்றேன். ரீச்சர் விடவில்லை. "நான் அண்டைக்கு ஏலாதெண்டு சொல்லியிருந்தால் பிள்ளை நிண்டிருப்பான், மாஸ்டர்" என்று ஒருமுறை சொன்னார். அவன் போனதற்கு ஆயிரம் காரணம் இருந்தது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசிவரை அவர் ஏற்கவில்லை. பதிலை மாற்றவும் இல்லை. யாராவது ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்டால், அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வாசல் கேற்றடியில் போய் நிற்பார். அந்தப் பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

எடின்பரோவில் இருக்கும் மகளிடம் போயிருந்தபோது ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்தின் பார்வையாளர் இருக்கையில் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தார். என்ன கேட்டீர்கள் என்று ஆசிரியர் அறையில் ஆவலோடு சுற்றி இருந்தோம். "ஒரு தீவுக்கு ஓடுற கப்பல் பிந்துதெண்டு சண்டை பிடிச்சினம். எனக்கு அழுகை வந்திட்டுது. எங்கடை பிள்ளையளும் பஸ் பிந்துதெண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்" என்றார்.

எங்களுக்கும் மாகாண சபை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. தேர்தல்தான் நடப்பதில்லை. இன்னொருமுறை அதற்கு வாக்குப் போட்டுவிட வேண்டும் என்று ரீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். போடாமலே போய்விட்டார். எனக்கு அது ஆறவில்லை.

செத்தவீடு முடிந்து திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். அவர் விட்ட இடம் அதே அலகு. கஜனைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு பிள்ளை எழும்பி, தந்ததைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டாள். ஏலாது என்று சொல்லிவிட வாயெடுத்தேன். வெறுமையாக இருந்த அவருடைய கதிரையைப் பார்த்துக்கொண்டு, "எடுக்கலாம்" என்றேன்.

ரீச்சரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பதிலும், அதற்குப் பிறகு வரும் பயமும்தான். அன்று பள்ளிக்கூடம் விட்டதும், அந்தப் பிள்ளை சைக்கிளில் வீட்டுப் பக்கம் திரும்பும்வரை, நான் கேற்றடியில் நின்றேன்.